ஏற்காட்டை எப்படி நோட்டில் வரைவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் சொல்லும்போது, வெளியூர் போய் வந்தால் அதை நாலு படமும் நாலு வரியுமாக ஒரு நோட்டில் போட்டு வையுங்கள், வருஷம் முழுக்கவும் அப்படியே செய்யலாம் என்று எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள்தான் இந்த முறை முழுக்க. பெரும்பாலும் சேலத்தைச் சுற்றியே வந்திருப்பதால் நானும் நம் ஊரையும் நம் மலையையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு வரையவே வராது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நோட்டில் தவளை வரைந்ததோடு சரி. மே மாத லீவில் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு போய் இரண்டு நாள் தங்கப் போகிறோம். நீங்கள் சொன்ன மாதிரி நோட்டு போட ஆசையாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?
(வாசகி, அம்மாபேட்டை)

பதில்: வாசலில் கோலம் போடுவீர்கள்தானே? புள்ளிக்குப் புள்ளி கை நடுங்காமல் கோடு இழுத்து வளைக்கத் தெரிந்த கை இதற்குப் போதும். இந்த நோட்டில் படம் அழகாக வரவில்லை என்றால் ஒன்றும் குறையாது. பார்த்தது பார்த்தபடி இருக்கிறதா, எத்தனை இதழ், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, என்ன நிறம், அது போதும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏரியை வரைய உட்காராதீர்கள். லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் நின்றுகொண்டு கீழே தெரிகிற சேலம் மொத்தத்தையும் வரையவும் வேண்டாம். ஏரி, படகு, சுற்றிலும் மரம், அதற்குப் பின்னால் மலை, அதற்கு மேலே மேகம் என்று ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும், உங்களுக்கு எரிச்சல் வந்துவிடும், நோட்டு பைக்குள் போய்விடும். பக்கத்துக்கு ஒரே ஒரு பொருள். அதுவும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது.

காபிச் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் எந்த ரோட்டில் நடந்தாலும் வேலியோரம் நிற்கும். ஒரு கிளையை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும், ஓரம் அலை அலையாக வளைந்திருக்கும், மேல்புறம் பளபளப்பு, அடிப்புறம் மங்கல். காய் கிளையின் நுனியில் இருக்காது, ஜோடி இலை கிளம்புகிற கணுவில் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் போகிற மே மாதத்தில் அவை சின்னச் சின்னப் பச்சைக் காய்கள்தான், மார்ச் ஏப்ரலில் பூத்துப் பிடித்தவை. சிவந்து பழமாக நவம்பர் பக்கம் ஆகும். காரில் போகிறவர்களுக்கு இது பச்சையாக ஏதோ ஒரு செடி. கணுவில் காய் இருப்பது, நின்று வரைகிறவர் கண்ணில்தான் படும். அந்தக் கணுவை உங்கள் சின்னப் பிள்ளை ஒரு தடவை வரைந்துவிட்டால் பிறகு எங்கே காபிச் செடியைப் பார்த்தாலும் தெரிந்துகொள்ளும்.

காபிக்கு நிழல் தருகிற சில்வர் ஓக் மரத்தின் இலையும் பிள்ளைகளுக்கு நல்ல வேலை. பெரணி இலை போலப் பிளவு பிளவாக இருக்கும், திருப்பினால் அடிப்புறம் வெள்ளி நிறம். உதிர்ந்தது கீழேயே கிடக்கும். எடுத்து நோட்டின் மேல் வைத்துச் சுற்றிப் பென்சிலை ஓட்டினால் உருவம் வந்துவிடும், நரம்பை மட்டும் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் அந்த மரத்தின் மேலேயே மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதையும் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் போகிற வழி. சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். நோட்டின் ஒரு பக்கத்தை நெடுக்குவாக்கில் எடுத்து, கீழே அடிவாரம், உச்சியில் ஏற்காட்டு ஒண்டிக்கடை என்று எழுதி, நடுவில் வளைந்து வளைந்து ஒரு கோடு இழுத்து 20 வளைவுக்கும் எண் போட்டுக்கொள்ளுங்கள். இதை வீட்டிலேயே, கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரியே பிள்ளைகளை வைத்துப் போட்டுவிடலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம்கூட இல்லை, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அத்தனை உயரத்தையும் ஒரே மூச்சில் ஏறுகிறோம். எந்த வளைவில் காது அடைத்தது, எங்கே குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருந்தது, எந்த இடத்தில் ஜன்னல் வழியே வந்த காற்று சட்டென்று குளிர்ந்தது, கீழே இருந்த முள்ளும் மூங்கிலும் போய்க் காபித் தோட்டம் எங்கே ஆரம்பித்தது என்று அந்தக் கோட்டின் மேலேயே குறித்துக்கொண்டு போகலாம். ஆனால் வண்டி ஓடும்போது பிள்ளைகளைக் குனிந்து எழுத விடாதீர்கள், அந்த ரோட்டில் கட்டாயம் வாந்தி வரும். அவர்கள் வெளியே பார்த்துச் சொல்லட்டும், நீங்கள் ஒரு வார்த்தையில் கிறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், மேலே போய் டீ குடித்துவிட்டு நிதானமாகப் படம் போடட்டும்.

படம் போடும் முன்னாலேயே தேதி, நேரம், இடம் மூன்றையும் எழுதிவிடுவது நல்லது, பிறகு என்றால் மறந்துபோகும். படத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தோன்றினால், சாப்பிட்டதன் விலையை எழுதுங்கள், அன்றைக்குக் குளிரா வெயிலா என்று எழுதுங்கள், யாராவது சொன்ன ஒரு வாக்கியத்தைச் சொன்னபடியே எழுதுங்கள். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி என்ன விலை என்பது இன்றைக்கு யாருக்கும் பெரிய சேதி இல்லை. உங்கள் பிள்ளைகள் உங்கள் வயதுக்கு வரும்போது அந்தப் பக்கத்தில் முதலில் படிப்பது அதைத்தான்.

கேள்வி: போனை எடுத்தால் ஒரு நொடியில் நூறு படம். இந்தக் காலத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு வரையச் சொல்கிறீர்கள். எதற்கு இந்தச் சிரமம்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆத்தூர்)

பதில்: நியாயமான கேள்வி ஐயா. போட்டோ எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் எடுக்கிறேன். ஆனால் எடுப்பதும் பார்ப்பதும் வேறு வேறு வேலை. அமெரிக்காவில் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் செய்து 2014-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. மாணவர்களை ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய், சில பொருள்களை வெறுமனே பார்க்கச் சொன்னார்கள், சிலவற்றைப் போட்டோ எடுக்கச் சொன்னார்கள். மறுநாள் கேட்டால், போட்டோ எடுத்த பொருள்கள் அவர்களுக்குக் குறைவாகத்தான் ஞாபகம் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு விட்டுவிடுகிறது. அதே ஆய்வில், பொருளின் ஒரு பகுதியை மட்டும் கிட்ட இழுத்து எடுத்தவர்களுக்கு அந்தக் குறை வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் எதை எடுப்பது என்று யோசித்து எடுத்தார்கள்.

2016-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. ஒரு சொல்லைக் கொடுத்து எழுதச் சொன்னதை விட, அதன் படத்தைப் போடச் சொன்னபோது அதிகம் நினைவில் நின்றது. சில நொடிகளே கொடுத்தாலும் அப்படித்தான், படம் சுமாராக இருந்தாலும் அப்படித்தான். வரைய வராது என்கிற எல்லோருக்கும் இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நீங்கள் ஆசிரியர் என்பதால் ஒன்று. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை புதுச்சேரியில் 1736-லிருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அதில் படம் கிடையாது. ஆனால் எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார், யாருக்கு என்ன மரியாதை நடந்தது என்று கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தேதி போட்டு எழுதியதால்தான் இன்றைக்கும் வரலாற்றுக்காரர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். நம் நோட்டை யார் படிப்பார்கள் என்று கேட்கலாம். நம் வீட்டில் படிப்பார்கள் ஐயா, அது போதாதா.

கேள்வி: அக்கா, காலேஜ் படிக்கிறேன், கையில் காசு கம்மி. என்ன நோட்டு, என்ன பேனா வாங்கலாம்? யூடியூபில் காட்டுவதெல்லாம் வெளிநாட்டுச் சாமானாக இருக்கிறது.
(சீலநாயக்கன்பட்டி)

பதில்: தம்பி, அதையெல்லாம் பார்த்து மயங்காதீர்கள். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிற பெரிய ஸ்டேஷனரி கடையில் எல்லாமே கிடைக்கும்.

நோட்டு ஏ5 அளவு, அதாவது ஏ4 தாளை இரண்டாக மடித்த அளவு. அதை விடப் பெரியதாக இருந்தால் பஸ்ஸில் மடியில் வைத்து வரைய முடியாது. தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்று அட்டையில் போட்டிருப்பான். சாதாரணக் கோடு போட்ட நோட்டு மெல்லிசு, ஒரு பக்கம் பேனா ஓட்டினால் மறுபக்கம் தெரியும். பேனாவும் கலர் பென்சிலும் மட்டும் என்றால் 120-க்கு மேல் இருந்தால் போதும். தண்ணீர்க் கலர் தொடுவதாக இருந்தால் 200-க்குக் குறையாமல் பாருங்கள், 300 என்றால் நெளியாது, ஆனால் விலையும் பக்கங்களும் இடிக்கும். தைத்த நோட்டு நன்றாக விரிந்து படுக்கும், ஸ்பைரல் மடித்துப் பிடிக்க வசதி. எது பிடிக்கிறதோ அது.

பேனா விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஜெல் பேனாவிலும் மைப் பேனாவிலும் வரைந்து அதன் மேல் தண்ணீர்க் கலர் அடித்தால் பெரும்பாலும் கோடு கரைந்து ஓடிவிடும். வாட்டர் புரூஃப் என்று போட்ட பேனா விலை அதிகமாகத் தோன்றினால் சாதாரண பால் பாயிண்ட் பேனாவே எடுத்துக்கொள்ளுங்கள், அதன் மை எண்ணெய் மை, தண்ணீருக்கு அசையாது. எந்தப் பேனா வாங்கினாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுச் சற்றுப் பொறுத்து ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள், தெரிந்துவிடும். கலருக்குக் கேம்லின் கேக் டப்பா ஒன்று, 12 நிறம் இருக்கிறது. அதிலேயே மஞ்சளையும் நீலத்தையும் கலந்து பச்சை போடப் பழகுங்கள், டப்பாவில் வருகிற பச்சை நம் ஊர் மரம் எதற்குமே ஒத்துவராது.

கலரே இல்லை என்றாலும் பரவாயில்லை. காபி டிகாஷனைப் பிரஷ்ஷில் தொட்டு அடித்தால் நல்ல பழுப்பு நிறம் வரும், ஒரு தடவை அடித்துக் காயவிட்டு மேலே இன்னொரு தடவை அடித்தால் நிழல் வந்துவிடும். பால் சேர்த்த காபி வேண்டாம், எறும்பு வரும், நாறும்.

கேள்வி: ஒவ்வொரு வருஷமும் ஜனவரி ஒன்றாம் தேதி டைரி ஆரம்பிக்கிறேன். தினம் ஒரு படம் என்று சபதம். பொங்கல் தாண்டுவதில்லை. என்ன செய்ய?
(வாசகி, சூரமங்கலம்)

பதில்: தினம் என்பதை விடுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு தினம் படம் போடுவது யாராலும் ஆகாது, நாலு கட்டம் காலியாகக் கிடந்தால் ஐந்தாம் நாள் நோட்டைத் திறக்கவே மனசு வராது. வாரத்துக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது நாளை விட்டுவிட்டு ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள், எனக்குத் தெரிந்து இதுதான் அதிக நாள் நிற்கிறது.

சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழத்தை வரையாமல் இருக்கலாமா? ஏப்ரலில் ஆரம்பித்து ஜூன் தாண்டும் வரைக்கும் கடைவீதியில் ஒன்று போக ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. சேலம் குண்டு, மல்கோவா, செந்தூரா, இமாம் பசந்த், பெங்களூரா. எதை முதலில் பார்த்தீர்கள், என்றைக்கு, கிலோ என்ன விலை, மூக்கு எந்தப் பக்கம், தோலில் புள்ளி இருந்ததா, அறுத்தால் நார் இருந்ததா. மல்கோவாவையும் பெங்களூராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிக்கோடு மட்டும் போட்டுப் பாருங்கள், ஒன்று உருண்டை, ஒன்று நீண்டு நுனி வளைந்தது, பேரே எழுத வேண்டாம். அடுத்த வருஷம் அதே பக்கத்தின் எதிரில் அடுத்த வருஷத்துப் பழம். எந்த வருஷம் சீசன் தள்ளிப்போனது என்று உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

இன்னொன்று மேட்டூர் அணை நீர்மட்டம். பேப்பரில் தினமும் போடுகிறார்கள். நோட்டில் ஒரு ஸ்கேல் அளவுக்குச் செங்குத்தாகப் பன்னிரண்டு பட்டை வரைந்து உச்சிக்கு 120 அடி என்று குறித்துக்கொள்ளுங்கள், அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் அதுதான். மாதம் ஒரு தடவை அன்றைய மட்டம் வரைக்கும் நீலத்தைத் தீட்டினால் முடிந்தது வேலை. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், ஆனால் எல்லா வருஷமும் அந்தத் தேதிக்கு முடிவதில்லை, அந்த வருஷம் என்றைக்குத் திறந்தார்கள் என்று மேலே எழுதுங்கள். 1934-ல் திறந்த அணை, நம் மாவட்டத்தில் இருப்பது, நாம் எப்போதாவது பூங்காவுக்குப் போய் மீன் சாப்பிட்டு வருவதோடு சரி. இந்தப் பன்னிரண்டு பட்டை போட்ட பிறகு மழைச் செய்தி படிக்கிற விதமே மாறிவிடும்.

வருஷம் ஜனவரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றும் இல்லை. சித்திரை ஒன்றில் ஆரம்பியுங்கள்.

கேள்வி: நான் சுற்றுலா வந்து போகிறவன் இல்லை, இங்கேயே பிறந்தவன். எஸ்டேட்டில் வேலை. பயணமே போகாதவன் என்ன எழுதுவது? அதோடு இங்கே மழைக்காலத்தில் தாள் நமத்துப் போய்விடுகிறது, கலர் காய்வதே இல்லை.
(நாகலூர், ஏற்காடு)

பதில்: நீங்கள் எழுதினால்தான் அது உண்மையான மலைப் பதிவு. நாங்கள் இரண்டு நாள் வந்து பனியைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறோம்.

ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போடுங்கள், பன்னிரண்டாகப் பிரியுங்கள், சித்திரை முதல் பங்குனி வரை பேர் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு ஒரு துண்டு. சின்ன இடம் என்பதால் இரண்டு மூன்று படத்துக்கு மேல் போட முடியாது, அதுதான் வசதி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து உங்கள் மலையின் வருஷமே காபியை ஒட்டித்தான் ஓடுகிறது. மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரேயடியாக வெள்ளையாகப் பூக்கிறதே, மல்லிகை மணத்தோடு, இரண்டு மூன்று நாளில் வாடியும் விடுகிறதே, அந்த மழை எந்தத் தேதியில் விழுந்தது, பூ எந்தத் தேதியில் விரிந்தது என்று உங்களைத் தவிர யார் எழுத முடியும்? ஐப்பசி, கார்த்திகையில் முதல் பழம் சிவந்தது எந்தப் பாத்தியில், தை வரைக்கும் பறிப்பு நீண்டதா, களத்தில் காயும்போது மழை கெடுத்ததா. பலா எப்போது பழுத்தது, காட்டெருமை எந்த மாதம் தோட்டத்துக்குள் இறங்கியது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எந்தெந்த ஊரிலிருந்து சனம் வந்தது, குகைக்குள் போய்ச் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதும் ஒரு துண்டு. ஐந்து வருஷம் ஐந்து வட்டம் சேர்ந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பூ முன்னால் வந்ததா பின்னால் போனதா என்று நேராகத் தெரியும். எஸ்டேட் ரெஜிஸ்டரில் மழையளவு இருக்கும், இது இருக்காது.

ஈரத்துக்கு வழி, மழை மாதங்களில் தண்ணீர்க் கலரைத் தொடவே தொடாதீர்கள். பென்சில், பால் பாயிண்ட், கலர் பென்சில் இந்த மூன்றுக்கும் பனி ஒன்றும் செய்யாது. நோட்டைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, மருந்துப் பாட்டிலிலும் ஷூ டப்பாவிலும் வருகிற சிலிக்கா பொட்டலத்தை உள்ளே வையுங்கள். பூஞ்சை பிடித்த பக்கத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், வெயில் வந்த அன்று விரித்து நன்றாகக் காயவைத்து, வாசலில் வைத்துக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு.

கேள்வி: ஆடியில் எங்கள் பகுதி வண்டி வேடிக்கையை வரைய ஆசை. கூட்டமும் நகர்கிறது, வண்டியும் நகர்கிறது, ஒரு கோடு போடுவதற்குள் சாமி போய்விடுகிறது!
(குகை)

பதில்: சாமி வண்டியில் ஏறும் முன்னால் போங்கள். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி: ஆடித் திருவிழாவில் சேலத்து மாரியம்மன் கோயில்களுக்கு நேர்ந்துகொண்டவர்கள் சாமி வேஷம் கட்டி, புராணக் காட்சியாக ஜோடித்த வண்டிகளில் ஊர்வலம் வருவதுதான் வண்டி வேடிக்கை.

சாயங்காலம் வேஷம் போடுகிற இடத்தில் அவர்கள் அசையாமல் நெடுநேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். முகத்தில் நீலம் பூசுவது, கிரீடத்தைக் கட்டுவது, கண்ணுக்கு மை எழுதுவது. கேட்டுவிட்டு வரையுங்கள், விரதம் இருந்து வேஷம் கட்டுகிறவர்கள், பக்கத்தில் போய் நிற்பதற்கும் ஒரு மரியாதை உண்டு. யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், படத்தைக் காட்டச் சொல்வார்கள், காட்டுங்கள். முழு ஆளையும் வரைய வேண்டாம். கிரீடம் ஒன்று, சூலம் பிடித்த கை ஒன்று, மயில் தோகை அட்டையில் எப்படி ஒட்டியிருக்கிறது என்பது ஒன்று, கிரீடத்துக்குக் கீழே வேர்வை துடைக்கத் தோளில் போட்ட துண்டு ஒன்று.

ஊர்வலம் வரும்போது நின்று ஒரு வண்டியை ஆசைதீரப் பாருங்கள். அது தாண்டிப் போனதும் குனிந்து, ஞாபகத்தில் இருந்து ஆள்களைச் சும்மா குச்சியாகப் போட்டு, யார் எங்கே நின்றார், வெளிச்சம் எங்கிருந்து அடித்தது, என்ன நிறம் என்று எழுதிவிடுங்கள். கலர் வீட்டுக்கு வந்து. இடையில் பசித்தால் தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிடும் முன்னால் அதையும் வரையுங்கள், பக்கவாட்டில் இருந்து: கீழே ஒரு தட்டுவடை, அதன் மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், மேலே மூடி மாதிரி இன்னொரு தட்டுவடை. அது அசையாது.

கேள்வி: பஸ் டிக்கெட், இலை, பூ எல்லாம் ஒட்டலாமா?
(தாரமங்கலம்)

பதில்: ஒட்டலாம். ஆனால் இப்போது மெஷினில் அடித்துத் தருகிற டிக்கெட்டும் பில்லும் சூட்டில் எழுத்து வருகிற தாள், கொஞ்ச காலத்தில் வெறும் தாளாகிவிடும். எங்கிருந்து எங்கே, எவ்வளவு என்பதைப் பக்கத்தில் கையால் எழுதிவிடுங்கள். செல்லோ டேப் வேண்டாம், மஞ்சளாகிப் பக்கத்தையும் கெடுக்கும், பசைக்குச்சி நல்லது. இலையைப் பச்சையாக ஒட்டாதீர்கள், செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, தாளை அவ்வப்போது மாற்றி, இரண்டு வாரம் கழித்து எடுங்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டம் இருக்கிறது, ஆர்க்கிட் வகைகளை அங்கே வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். அங்கேயும் சரி, காட்டிலும் சரி, ஒரு பூவைக்கூடக் கிள்ளக் கூடாது. அதை வரைந்துகொண்டு வாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. ஒரு காலத்தில் ராமேஸ்வரம், காசி எல்லாம் போய் வந்தவர். இப்போது கை நடுக்கம், வெளியே போவதில்லை. அவருக்கு இந்த மாதிரி ஒரு நோட்டு போட்டுத் தர முடியுமா? போட்டு முடித்தால் எப்படிப் பாதுகாப்பது?
(வாசகர், ஓமலூர்)

பதில்: கட்டாயம் முடியும், சீக்கிரம் ஆரம்பியுங்கள். அம்மா சொல்லட்டும், உங்கள் வீட்டுப் பிள்ளை வரையட்டும். "காசிக்குப் போனது எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்று முடித்துவிடுவார்கள். ரயிலில் என்ன கட்டிக்கொண்டு போனீர்கள், எந்தப் பாத்திரத்தில், தண்ணீருக்குக் கூஜாவா, யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், என்ன சேலை உடுத்தியிருந்தீர்கள், காசியில் எதை விட்டுவிட்டு வந்தீர்கள், இப்படிப் பொருளாகக் கேளுங்கள். பிள்ளை வரைந்ததைக் காட்டினால், "மூடி இப்படி இல்லை, திருகு மூடி" என்று அம்மா திருத்துவார். அந்தத் திருத்தத்தையும் அழிக்காமல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். கை நடுங்கினாலும் தடித்த ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கோடாவது, ஒரு கையெழுத்தாவது அம்மாவைப் போடச் சொல்லுங்கள். நடுங்கிய கோடாகவே இருக்கட்டும்.

பாதுகாப்புக்கு, நோட்டை நிற்க வைக்காமல் படுக்க வைத்து, சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் பசையும்தான் பிடிக்கும். நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம், மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை எல்லாப் பக்கத்தையும் புரட்டிக் காற்றாட விடுங்கள். முடிந்தவுடன் ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் நேர் மேலிருந்து படம் எடுத்து, அக்கா தங்கை எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒரு வீட்டில் நோட்டு போனாலும் நாலு வீட்டில் பிரதி இருக்கும்.